பதினொன்றாவது ஆளாக இறங்கியவர்

என் வீட்டுக்காரர் வேகப்பந்து போடுவார். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். பெருமாள் பல்லக்கைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். அந்தத் தோளுக்காகத்தான் ஊருக்கு வெளியே சைக்கிள் பாகம் செய்கிற கம்பெனியில் அவரை எடுத்தார்கள். வேலை டெம்பரவரி. கம்பெனி டீம் கோப்பை ஜெயித்தால் பர்மனென்ட் என்று சொல்லியே ஏழு வருஷம் ஓட்டினார்கள்.

எத்தனை பேரை அவுட்டாக்கினார் என்று எனக்குத் தெரியாது. மட்டையால் அடித்த ரன் தெரியும். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பது. கடைசி ஆளாக இறங்குவார், போன காலோடு திரும்பி வருவார்.

ரன் எடுக்காமல் அவுட்டாகிறவன் கையில் மைதானத்திலேயே வேகவைத்த முட்டை ஒன்றைக் கொடுப்பது அந்த டீமின் வழக்கம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தின்பார்கள். இவர் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவார். முட்டை எங்கள் வீட்டு வாசற்படி ஏறாத பண்டம்.

கோப்பைக்கான ஆட்டம் எழுபத்திரண்டிலோ மூன்றிலோ வந்தது. நான் தயிர்சாதத் தூக்கோடு கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவே போகக் கூச்சம். காலையில் ஆறு பேரை அவுட்டாக்கினார். கடைசியில் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டியிருந்தது. இவர் இறங்கினார். முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தது.

கேப்டனாக இருந்த ஃபோர்மேன் முட்டையோடு வந்தான்.

"இன்னா சாமி, வாட்ச்மேன் இன்னிக்கு லீவு. நீயே துன்னு."

"விளையாடாதீங்கோ சார்."

"யாரு வெளயாடறது? கோப்பைய அவனுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கற. துன்னா திங்கக்கெழம பர்மனென்ட் லெட்டரு. இல்லன்னா பல்லக்கு தூக்கிக்கினு கெட."

"நாமத்த அழிச்சிட்டு துன்னு சாமி, பெருமாளுக்கு அடையாளம் தெரியாது" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கடித்தார். இரண்டாவது வாயை யாரும் சொல்லாமலே கடித்தார். காலையிலிருந்து பட்டினி. சாதம் என் கையில்தான் இருந்தது.

விளக்கு வைப்பதற்குள் சேதி கோயில் தெருவுக்கு வந்துவிட்டது. அவருடைய அண்ணா வாசலில் நின்றார். எங்களில் பெண்கள் புருஷனின் அண்ணாவோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ அங்கே நின்னுண்டிருந்தியாமே. அவன் தின்னானா? இல்லேன்னு தலையை ஆட்டு, போறும். ஊர் வாயை நான் பார்த்துக்கறேன்."

ஆட்டியிருக்கலாம். நான் சும்மா இருந்தது பொய் சொல்லப் பயந்து இல்லை. அந்த இரண்டாவது வாய் கண்ணுக்குள் நின்றது. அசையாமல் நின்றேன். அண்ணா படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. தோற்ற டீமுக்கு ஏது லெட்டர் என்றானாம் ஃபோர்மேன். அடுத்த மாதம் வேலையும் போயிற்று. பிரம்மோற்சவத்தில் பல்லக்கு எங்கள் வாசலைத் தாண்டியபோது இவர் கைகூப்பி ஓரமாக நின்றார். தோள் கொடுக்க யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்.

"அண்ணா கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

"நீ எப்பவும் அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டார். ஊற்றினேன்.