ஆள் தேடும் நேரம்

ஸ்கூடாயிலிருந்து கெலாங் பாத்தாவுக்குப் போகும் செம்மண் ரோட்டில், ஆறாவது மைலில், ஆறாங்கட்டையில், ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்த ஏரம்பமூர்த்தியின் மனைவி அன்னபாக்கியம் நல்லவள் என்று பெயர் வாங்கியவள். காய்ச்சல் என்று வந்தால் கொயினா மாத்திரை கொடுப்பாள். கடிதம் என்று வந்தால் எழுதிக் கொடுப்பாள். பதின்மூன்று வருஷம் கட்டிக் காத்த அந்தப் பெயர், 1938ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை மாலை அரை மணி நேரத்தில் போய்விட்டது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி வந்தவள் அவள். பிள்ளை இல்லை. வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்து அழைப்பு வராது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்துப் பக்கம் கிராணி வீட்டுப் பெண்கள் போவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பலகை வீட்டில், மரத்திலிருந்து ரப்பர் கொட்டை வெடித்து விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காலம் தள்ளினாள். அவளுக்காகத்தான் ஏரம்பமூர்த்தி ரேடியோ வாங்கி வந்தார். இரண்டு ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே கம்பி கட்டினார். கார் பேட்டரியில் பெட்டி பாடியது. பேட்டரி தீர்ந்தால் ரப்பர் ஸ்டோர் எஞ்சினில் போட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள்.

சிங்கப்பூர் நிலையம் புதன்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குத் தமிழுக்கு அரை மணி கொடுத்தது. பத்து நிமிஷம் பாட்டு, பத்து நிமிஷம் செய்தி. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு நிலையத்தார் வைத்த பெயர் ‘உறவினர் விசாரணை’. லயத்துப் பெண்கள் அதை ‘ஆளு தேடுற நேரம்’ என்றார்கள்.

ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்த வருஷங்களில் எத்தனையோ தோட்டங்களை மூடினார்கள். பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மீதிப் பேர் கால் போன பக்கம் போனார்கள். அண்ணன் எங்கே, தங்கை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அறிவிப்பாளர், “மாயவரம் தாலுகா ஐயாசாமி மகன் லெட்சுமணன், முன்பு மூவார் பக்கம் வேலை செய்தவர், எங்கிருந்தாலும் தம்பிக்குக் கடிதம் போடவும்” என்று வாசிக்கும்போது, கிராணி வீட்டு முற்றத்தில் நின்ற நாற்பது ஐம்பது பெண்களும் மூச்சு விடாமல் கேட்டார்கள். அன்னபாக்கியம் பெட்டியை ஜன்னலோரம் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, விறாந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்பவள் அங்கம்மா. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள், நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். அவளுடைய தங்கை கிருஷ்ணம்மா ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தாள். தோட்டம் மூடியபின் அவள் கப்பலேறினாளா, இங்கேயே எங்காவது இருக்கிறாளா என்று தகவலே இல்லை. ஏழு வருஷம். வைகாசியில் அங்கம்மா கேட்க, அன்னபாக்கியமே முத்துமுத்தான எழுத்தில் நிலையத்துக்கு எழுதிப் போட்டாள். ‘வரிசைப்படி வாசிக்கப்படும்’ என்று பதிலும் வந்தது.

அதே மாதம் ஜோகூர் பாருவிலிருந்து திலகம் வந்தாள். தபால் மாஸ்டர் மனைவி, அன்னபாக்கியத்துக்கு ஊர்க்காரி. வந்த நாள் புதன்கிழமையாகப் போயிற்று. முற்றத்துக் கூட்டத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தேநீரை உறிஞ்சினாள்.

“என்ன அன்னம், மனுசன் காசைக் கொட்டி ரேடியோ வாங்கித் தந்தது கூலியாக்கள் ஆள் தேடவோ?” என்று சிரித்தாள். “எங்கட பக்கத்திலை எல்லாரும் கச்சேரி கேக்கினம். நீ கேக்கிறது இதைத்தானோ?”

அன்னபாக்கியத்துக்கு முகம் சுட்டது. திலகம் போய் இரண்டு வாரம் ஆகியும் அந்தச் சூடு ஆறவில்லை. அப்போது பார்த்து நிலையத்தார் ஒன்று சொன்னார்கள். அடுத்த வருஷத்திலிருந்து தமிழ் நேரத்தை வாரம் மூன்று நாளாக்கப் போகிறோம், நேயர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதுங்கள், ஓரிடத்தில் இருப்பவர்கள் சேர்ந்து கையொப்பமிட்டும் அனுப்பலாம் என்றார்கள்.

அவள் அன்றே எழுதினாள். மறு புதன்கிழமை விறாந்தைப் படியில் மைத்தட்டை வைத்துவிட்டு, “ரேடியோக்காரருக்கு எழுதியிருக்கிறன். எல்லாரும் ஒரு விரல் வையுங்கோ” என்றாள்.

பெண்கள் வரிசையில் வந்தார்கள். கிராணி வீட்டிலிருந்து வரும் காகிதத்தில் கைநாட்டு வைப்பது அவர்களுக்குப் பழகிப்போனது. சம்பளம் வாங்கும்போது வைப்பார்கள், அரிசி வாங்கும்போது வைப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற வழக்கமில்லை. சொல்கிற வழக்கமும் இல்லை. அங்கம்மா மட்டும் விரலை மையில் தோய்த்துவிட்டு ஒரு கணம் நின்றாள்.

“ஆளு தேடுற நேரத்தக் கூட்டச் சொல்லி எழுதியிருக்கீங்களாம்மா?”

“எல்லாம் எழுதியிருக்கு, அங்கம்மா. வை.”

அங்கம்மா வைத்தாள். நாற்பத்து மூன்று கைநாட்டு.

ஆடி மாதம் நடுவில் அந்தப் புதன்கிழமை வந்தது. பாட்டு முடிந்து, செய்தி முடிந்து, பெண்கள் ஜன்னலை நெருங்கி நின்றார்கள். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நேயர்கள் பலரின் விருப்பப்படி இன்று முதல் உறவினர் விசாரணை நிறுத்தப்படுகிறது. குறிப்பாக, ஸ்கூடாய் ஆறாங்கட்டைத் தோட்டத்து மாதர் நாற்பத்து மூவர் கைநாட்டிட்டு அனுப்பிய விண்ணப்பம் எங்களை மிகவும் கவர்ந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி இப்போது கர்நாடக சங்கீதம்.”

வீணை ஒலித்தது. நன்றாகத்தான் வாசித்தார்கள்.

“நம்ம தோட்டத்தச் சொல்றான்டி!” என்று யாரோ சந்தோஷமாகக் கத்தினாள். “நாப்பத்து மூணு பேருன்னு சொன்னான் பாரு!” சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொரு முகமாக அந்தச் சிரிப்பு அடங்கியதை அன்னபாக்கியம் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தாள்.

“நிறுத்தச் சொன்னது நாமளா?” என்றாள் வெள்ளையம்மா. வாய்க்குப் பெயர்போனவள். “நாம எப்படி சொன்னோம்?”

அங்கம்மா திரும்பி விறாந்தையைப் பார்த்தாள். தன் கட்டைவிரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். யாரும் இல்லாத முற்றத்தில் வீணை ஆறரை வரைக்கும் வாசித்தது.

அடுத்த புதன்கிழமை ஒருத்தியும் வரவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டும் வரவில்லை. வழியில் கண்டால் பெண்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அவள் தாண்டிப் போகும்வரை பேச்சு நின்றிருக்கும்.

“போன கடிதம் போனதுதான். இனி என்ன செய்யிறது? விடும்” என்றார் ஏரம்பமூர்த்தி. “நாலு நாளிலை மறந்திடுவினம்.”

“நான் பொய் சொன்னனான்” என்றாள் அவள். “அங்கம்மா கேட்டவ. முகத்தைப் பாத்துப் பொய் சொன்னனான்.”

“அதுக்கு? லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறீரோ? துரைக்குத் தெரிஞ்சா என்ர மரியாதை என்னாகும்?”

அவருடைய மரியாதையைப் பற்றி அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், பாலை எடை போட்டு முடிந்த மத்தியானம், லயத்துக்குப் போனாள். வந்து பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. எந்த வாசல் அங்கம்மாவுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. வழி காட்டிய பெண் முன்னால் நடந்தாள்; வாசலைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அங்கம்மா பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தீட்டினாள்.

“அங்கம்மா, நான் செய்தது பிழை. திரும்ப எழுதப் போறன். கிருஷ்ணம்மாவைத் தேடுற கடிதத்தையும் வாசிக்கச் சொல்லி...”

“முன்ன என்ன எழுதினீங்க?”

“அதை விடு, அங்கம்மா...” என்று தொடங்கினாள் அன்னபாக்கியம்.

“அத முதல்ல படிங்க. என் விரலு அதுலதான் இருக்கு. எல்லார் விரலும் இருக்கு. எல்லாரும் கேக்கட்டும்.”

கிராணி வீட்டிலிருந்து நகல் எடுக்காமல் எந்தக் கடிதமும் போகாது. நகல் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அன்னபாக்கியம் வீட்டுக்குப் போய் அதையும் பேனா, மைத்தட்டையும் எடுத்து வந்தாள். அதற்குள் குழாயடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுவில் நின்று படித்தாள்.

“‘இத்தோட்டத்து மாதராகிய நாங்கள் வாராவாரம் ஆள் தேடும் அறிவிப்புகளைக் கேட்டுச் சலித்துப் போனோம். அவற்றை நிறுத்தி, அந்நேரத்தில் சங்கீதமும் புராணப் பிரசங்கமும் கொடுத்தால் எங்கள் ஒழுக்கம் மேம்படும்...’”

“எது, எது?” என்றாள் வெள்ளையம்மா. “ஒழுக்கமா? ஏன்டி, நம்ம ஒழுக்கத்துக்கு என்ன கொறச்சலாம்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திட்டியிருந்தால் அன்னபாக்கியம் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பில் படித்த வரியைத் தொலைத்துவிட்டாள். அங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“சலிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க” என்றாள் மெதுவாக. “நானாம்மா சலிச்சேன்?”

அன்னபாக்கியம் பழைய காகிதத்தை மடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

“சரி, புதுசா எழுதுங்க” என்றாள் பேச்சியம்மாள் என்ற வயதான பெண். ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆள் தேடுகிற நேரம் முதலில் வேண்டும். நாகப்பட்டினத்துக் கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் என்ன செய்வது என்று ஒரு டாக்டர் பேச வேண்டும். தெம்மாங்கு வேண்டும். “அந்த வீணையும் கொஞ்சம் இருக்கட்டும்” என்றாள் வெள்ளையம்மா. “கிராணியம்மா பாவம், அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பாங்க?”

அன்னபாக்கியம் வரி வரியாக எழுதி, வரி வரியாகப் படித்துக் காட்டினாள். முதல் கடிதம் அவர்களைக் கேட்காமல் தான் எழுதியது என்பதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள். மைத்தட்டைத் திறந்ததும் அங்கம்மா தலையை ஆட்டினாள்.

“நாங்க வைக்கல. உங்க கையெழுத்தப் போட்டு அனுப்புங்க. பாப்போம்.”

ஒற்றைக் கையெழுத்தோடு கடிதம் போயிற்று. மூன்றாம் வாரம் தடித்த உறை ஒன்று வந்தது. அம்மையாரின் திருத்தத்தைக் குறித்துக்கொண்டோம் என்று நிலையத்தார் எழுதியிருந்தார்கள். ஆனால் சங்கீதம் கேட்டு வந்த கடிதங்கள் அறுபத்திரண்டு. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். ஆள் தேடும் நேரம் வேண்டும் என்று வந்தவை நான்கே. பெரும்பான்மை நேயர்கள் கேட்பதைத்தான் கொடுக்க முடியும். கிடப்பில் உள்ள விசாரணைகளைத் திருப்பி அனுப்புகிறோம்.

கூடவே இருந்தது அங்கம்மாவின் கடிதம். ‘என் தங்கை கிருஷ்ணம்மா, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு’ என்று தன்னுடைய முத்துமுத்தான எழுத்தைத் தானே படிக்க முடியாமல் அன்னபாக்கியம் மடித்து வைத்தாள்.

அன்றைக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிலையும் படித்துக் காட்டினாள். அங்கம்மா கடிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள் அதில் எதைப் பார்த்தாளோ.

“அறுபத்திரண்டு பேருதானா?” என்றாள் கடைசியில். “இந்த லயத்துலயே நூத்திப்பத்து பேரு இருக்கோம்.”

“எழுதினவையைத்தான் எண்ணுவினம், அங்கம்மா.”

“அப்ப எழுதிட்டாப் போச்சு.” கடிதத்தை மடியில் செருகினாள். “இந்த ரோட்டுல கெலாங் பாத்தா வரைக்கும் அஞ்சு தோட்டம் இருக்கு. ஞாயித்துக்கிழமை போவோம். நான் கூப்பிட்டா வருவாங்க. ஆனா படிக்கிறது நீங்க. மேல இருந்து படிக்கணும். நீங்க செஞ்சதையும் படிக்கணும். இல்லன்னா எவ விரல் வைப்பா?”

“அறிமுகமில்லாத ஆக்களுக்கு முன்னாலையோ?”

“எங்களுக்கு முன்னால மட்டும் படிச்சா போதுமா? அவங்க காதுலயும்தான் நிறுத்திட்டீங்க.”

ஞாயிறு காலையில் ஏரம்பமூர்த்தி அவளோடு பேசவில்லை. குடையை மட்டும் எடுத்து வாசலில் வைத்திருந்தார். அவள் அங்கம்மா, வெள்ளையம்மா இருவர் பின்னாலும் செம்மண் ரோட்டில் நடந்தாள். முதல் தோட்டத்தில் குரல் எழும்பவேயில்லை. வெள்ளையம்மா “சத்தமா, சத்தமா” என்று அதட்டினாள். அங்கே ஐம்பத்தெட்டு விரல். இரண்டாவது தோட்டத்தில் ஒரு பெண் எழுந்து, “இந்தப் பொம்பளையாலதான் எங்க அண்ணன் பேரு வராமப் போச்சா?” என்று கேட்டாள். “ஓம்” என்றாள் அன்னபாக்கியம். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் விரல் வைத்தாள்.

மூன்றாவது தோட்டம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில், மரத்தடி நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாதி படித்திருப்பாள். ஆற்றில் துணி துவைத்துவிட்டு ஒரு கூட்டம் பெண்கள் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். அங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இவங்க கேக்கல. முதல்லேருந்து படிங்க.”

அன்னபாக்கியம் முகத்து வியர்வையைத் துடைத்தாள். காகிதத்தைத் திரும்ப மேலே கொண்டுவந்தாள்.

“‘ஐயா, இதற்கு முன் வந்த விண்ணப்பத்தை எழுதியவள் நான். கைநாட்டு வைத்தவர்களிடம் அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டவளுக்குப் பொய் சொன்னேன்...’”