காப்பு அவிழும்வரை

டாக்டர் சொன்ன தேதி தாண்டிய பிறகு நான் வாசல் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். தலை தெரிந்தால் போதும், "இன்னும் ஆகலையா?" என்று ஒரு குரல் வந்துவிடும். ஆகியிருந்தால் இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் நிற்கப்போகிறேன்? நாக்கு நுனி வரைக்கும் வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்வேன். கால் வீங்கி என் செருப்பு எதுவும் நுழையவில்லை. அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சுக்குக் கஷாயம் குடித்தேன், சீரகத் தண்ணீர் குடித்தேன். பிள்ளைக்கு வெளியே வரும் எண்ணமே இல்லை.

தலைப்பிரசவம் என்று பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். தலைப்பிரசவம் என்பது பேச்சுக்குத்தான். இதற்கு முன்னால் ஒன்று ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மா இந்தத் தடவையும் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, பிள்ளைத்துணியாக மடித்து வைத்திருந்தாள். போன தடவை மடித்து வைத்தவை அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு எதிரே ஒரு வெல்டிங் பட்டறை. காலையில் கிரைண்டரைப் போட்டார்கள் என்றால் எங்கள் வீட்டு அலமாரித் தட்டுகள் அதிரும். அந்தச் சத்தம் எழுந்த உடனே பிள்ளை விலாவில் ஓங்கி ஓர் உதை விடும். முதலில் பட்டறைக்காரரை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். போகப் போக, கண் விழித்ததும் அந்தச் சத்தத்துக்காகவே காத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. அன்றைக்கு முழுக்க வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் பிள்ளை போன துக்கத்தில் என் வீட்டுக்காரர் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அடுத்தது தங்கினால் மூன்று வருஷம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறேன் என்று. அவருக்கு ஊர் அந்தப் பக்கம்தான். அங்கே காளி கட்டுவது விளையாட்டு இல்லை. மாலை போட்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, ஓலைக் குடிலில் தங்க வேண்டும். கோயிலில் கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டுவார்கள். தசராக் கடைசியில் அம்மன் சூரனை வதைக்கிற சூரசம்ஹாரம் முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் சாவு வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் கால் வைக்கக் கூடாது. தீட்டு.

இதற்கெல்லாம் அத்தை, அதாவது அவருடைய அம்மா, ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் பிள்ளையும் பிறந்துவிடும், தீட்டுக் கழித்துவிட்டு மகன் மாலை போடலாம் என்று. டாக்டர் கணக்கு ஆவணிக் கடைசி. பிள்ளை இரண்டு பேர் கணக்கையும் மதிக்கவில்லை. விரத நாள் குறைகிறதே என்று அவர் பாதி ஆவணியில் மாலையைப் போட்டார். புரட்டாசியில் கொடி ஏறியது, காப்பும் கட்டிக்கொண்டார். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நேர்ந்த நேர்ச்சை. சொந்தப் பிள்ளை பிறந்தால் எட்ட இருந்தாலும் தீட்டு ஒட்டி நேர்ச்சை முறிந்துவிடும் என்று பயந்து, இப்போது அதே பிள்ளை காப்பு அவிழும்முன் பிறந்துவிடக் கூடாதே என்று ஒரு குடும்பமே வேண்டிக்கொண்டிருந்தது.

அத்தை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பனிக்குடத்துத் தண்ணி குறைஞ்சிட்டே வருது. இதுக்கு மேல விட வேண்டாம். நாளைக்கே வந்து சேருங்க, வலி வர மருந்து வைப்போம்."

"மருந்தெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா," என்றார் அத்தை. "தானா வந்தா அது அம்மன் விருப்பம். நாமளா வரவைக்கக் கூடாது. சூரசம்ஹாரம் முடிஞ்சு காப்பு அவுத்ததும் கூட்டிட்டு வாறோம்."

"அதுவரைக்கும் பிள்ளை தாங்கணுமே?"

"தாங்கும். அம்மன் குடுத்த பிள்ளையில்லா."

வெளியே வந்ததும் என் அம்மா சம்பந்தியிடம் பைய ஆரம்பித்தாள். "காப்புக் கட்டினவங்களுக்குத் தீட்டு ஒட்டாதுன்னும் சொல்லுதாவளே மைனி?"

"அது ஊரான் வீட்டுத் தீட்டு. இது சொந்த ரத்தம். ஒரு பிள்ளை போனது பத்தாதா மைனி?"

அம்மா ஸ்கேன் கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். அத்தை கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைக்காக என்னைவிட அதிகமாக அழுதவர் அவர். அதனால்தான் அவரிடம் சண்டை போட எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் சேரவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"அம்மா சொல்லுதாவல்லா. கொஞ்ச நாளுதானே. பொறுத்துக்க."

"பொறுத்துக்கிட்டு இருக்கது நானில்ல. உள்ள இருக்குல்லா, அது."

மேளம் மட்டும் கேட்டது. நான் வைத்துவிட்டேன். அழுது தீர்த்தபின் மனதில் கோபம்கூட மிச்சமில்லை. இதுவும் போகப்போகிறது, போன பிறகு எல்லோரும் சேர்ந்து அழுவார்கள், அம்மா துணிகளை அடுப்படிக்கு எடுத்துக்கொள்வாள் என்று உறுதியாகத் தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இரண்டொரு நாள் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில் எதிரே கிரைண்டர் ஓடியது. தட்டுகள் அதிர்ந்தன. வயிற்றில் ஒன்றுமில்லை.

நின்று மறுபடி ஓடியது. ஒன்றுமில்லை. சீனித்தண்ணீர் குடித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். ஏதோ துடித்த மாதிரி இருந்தது. அது பிள்ளையா என் நெஞ்சா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போன தடவையும் இப்படித்தான் படுத்திருந்தேன்.

"அம்மா, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"மைனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவமா?"

"நீ சொல்லிட்டு வா. நான் போறேன்."

அப்பாவின் செருப்போடு தெருவைக் கடந்து பட்டறை வாசலில் போய் நின்றேன். "அண்ணாச்சி, ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டார். ஆட்டோ வந்தபோது அம்மா துணி மூட்டையோடு ஓடி வந்தாள். வீட்டைப் பூட்டினாளா என்று நானும் கேட்கவில்லை.

நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். இங்கே இல்லை, அங்கே இல்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டது, மெதுவாக, விட்டு விட்டு.

"இருக்கு," என்றார் நர்ஸ். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இருக்கிறது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

டாக்டர் வந்து பார்த்தார். மருந்து வைப்போம், துடிப்பு இறங்கினால் உடனே ஆபரேஷன் என்றார். கையெழுத்து நானே போட்டேன்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார் நர்ஸ்.

"காளி கட்டியிருக்காரு."

"இந்த வாரம் நீங்க ரெண்டாவது ஆளு," என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

மருந்து வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, வலி வந்தது. இடுப்பைப் பிடித்து முறுக்கும் வலி, மூச்சு விட இடம் தராத வலி. மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் வழியாக மேளம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வந்திருக்காவ," என்றாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். வேஷத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போகும் அவருடைய தசராக் குழுவின் வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. தலையில் கிரீடம், முகமெல்லாம் சாயம், தொங்கும் சிவப்பு நாக்கு, முதுகில் கட்டிய பொய்க் கைகள். காளி வந்திருக்கிறாள் என்று நோயாளிகளோடு வந்தவர்கள் ஓடினார்கள். ஒருத்தி காலில் விழுந்தாள். அவர் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து என்னவோ சொன்னார். கீழே போய் வந்த அம்மா, "அவ மகனுக்கு ஆபரேஷனாம். நல்லா எந்திரிச்சு வருவான்னு வாக்குச் சொன்னாவளாம்," என்றாள்.

"எனக்கு?"

"அவுக உள்ள வர முடியாதுல்லா," என்று அம்மா அழுதாள்.

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். நான் நிற்பது தெரிந்திருக்க வேண்டும். வலது கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டினார், மஞ்சள் கயிற்றை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கியது. என்னை உருட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளையை எடுத்தார்கள், அழவில்லை. பாதத்தைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள். எனக்கு எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. அடுப்படியில் கிடந்த துணிதான் கண்ணில் நின்றது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, சில நாள் கழித்துத்தான் என் கையில் கொடுத்தார்கள்.

காப்பை அவிழ்த்துவிட்டு அவர் அத்தையோடு பேட்டைக்கு வந்தார். நகக்கண்ணில் சாயம் போகவில்லை.

"பாத்தியா, இவன் காப்பைக் காப்பாத்துனான், அம்மன் பிள்ளையைக் காப்பாத்துனா," என்றார் அத்தை.

"அம்மனா அத்தே ஆட்டோல வந்தா?" என்றேன்.

அத்தை வாயடைத்துப்போனார் என்று எழுத ஆசைதான். "வராமலா நீ போய்ச் சேந்தே?" என்றார்.

பிள்ளையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அந்த நேரம் எதிரே கிரைண்டர் ஓடியது. தூக்கத்திலேயே அவள் காலை உதறி அவர் உள்ளங்கையில் ஓர் உதை விட்டாள்.

"சத்தத்துக்குப் பயந்துட்டா," என்றார்.

"பயமில்ல. உள்ள இருக்கும்போதும் இப்படித்தான் உதைப்பா. ஒருநா உதைக்கல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் காலையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நேர்ச்சை மூன்று வருஷம். அடுத்த புரட்டாசியிலும் காப்புக் கட்டப் போனார், நான் தடுக்கவில்லை. மகள் இப்போது ஓடியாடித் திரிகிறாள். எப்போதாவது அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தங்கும்படி ஆகிவிடும். பட்டறை ஓடாது, தெரு சத்தமில்லாமல் கிடக்கும். தூங்குகிறவளின் நெஞ்சில் நான் கையை வைத்துக்கொள்வேன். புழுக்கத்தில் அவள் தள்ளிவிடுவாள். மறுபடி வைப்பேன்.