செருப்புப் போட்ட வகுப்பு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்காரிக்கு முன்னால் நின்று குணலட்சுமி ரீச்சர் காலால் நிலத்தை இரண்டு தரம் தட்டுகிறார். அவள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். "அரைக்கிலோ... தாங்கோ." ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு முழுதாக விரிந்து மூடுகிறது. "எனக்குக் காது நல்லாக் கேக்கும், ரீச்சர்" என்கிறாள் அவள். "ஓம், தெரியும்" என்று அதையும் அதே மாதிரிச் சொல்கிறார்.

காது கேளாத பிள்ளைகளோடு பாதி ஆயுளைக் கழித்ததில் வந்த வழக்கம் இது. முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடும் கதைக்கமாட்டார். சைக்கிள் ஓடும்போது பக்கத்தில் போய் ஏதாவது கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். சைக்கிளை நிறுத்தி, இறங்கி, ஸ்ராண்டில் விட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில். ஒருமுறை கொக்குவில் சந்தியில் நேரம் கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நல்லூர்ப் பக்கம், என் வீட்டுக்கு அடுத்த பழைய வீட்டில் அவருடைய பள்ளிக்கூடம் நடக்கிறது. யுத்தத்தைக் காட்டி, யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட நாள் முதல் பிள்ளைகளின் காதுக் கருவிகள் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் கிடக்கின்றன. காது போனால் என்ன, கால் இருக்கிறதே என்று யோசித்தவர் ரீச்சர். கலைந்துபோன ஒரு பாண்ட் வாத்தியக் குழுவின் பெரிய மேளத்தைக் கேட்டு வாங்கி நிலத்தில் வைத்தார். பிள்ளைகள் வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நிற்பார்கள். நிலம் அதிர்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். மெல்ல அடித்தால் ஒரு விரல், பலமாக அடித்தால் முழுக்கை. அடிப்பவர் பள்ளிக்கூடத்தைக் காவல் பார்க்கிற வாச்சர் செபமாலை. குருநகரில் வள்ளம் வைத்திருந்தவர், கடலுக்குப் போக முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். "வலை இழுத்த கை இப்ப மேளம் அடிக்குது. இதுக்குப் பட்டமும் குடுக்கினமாம்" என்பார்.

பட்டம் கொடுப்பதென்னவோ உண்மை. விசேட கல்வியில் கலாநிதி என்கிற டொக்டர் பட்டத்துக்காக ரீச்சர் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிந்திருக்கிறார். லேசில் கிடைக்கிற சாமான் இல்லை அது. முதலில் முதுமாணி என்கிற மேற்படிப்புப் பட்டம் வேண்டும். அதை முடித்தார். வகுப்பறையில் நின்ற அனுபவம் வேண்டும். அது அவர்கள் கேட்டதற்கு மேலேயே இருந்தது. புள்ளிவிபரவியல் சோதனை வேண்டும். "கணக்கிலை நான் மொக்கு" என்று அழாக்குறையாகப் படித்து, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து, கொழும்பில் போய் எழுதி, இரண்டாம் தரம் பாஸ் பண்ணினார். ஆராய்ச்சித் திட்டத்துக்கும் அங்கீகாரம் வாங்கியாயிற்று. இனி ஆராய்ச்சியை முடித்து, ஆய்வேடு எழுதி, நேரில் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியை முடிக்க வருகிற மார்கழிதான் கடைசி. அதற்குமேல் தவணை தரமாட்டார்களாம்.

எல்லாவற்றிலும் வில்லங்கமான நிபந்தனை வேறொன்று. பாதிப் பிள்ளைகளுக்குத்தான் மேளம், மற்றப் பாதிக்குக் கூடாது. கடைசியில் இரண்டு பகுதியையும் சோதித்துப் பார்த்தால்தான் மேளத்தால் பயன் உண்டா என்று தெரியுமாம். மேளம் இல்லாத பாதிக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். மார்கழிக்கு முன் அந்தப் பிள்ளைகளுக்கு அதிர்வைப் பழக்கினால் ஆராய்ச்சி செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு குழுவும் அடுத்தடுத்த அறைகளில்; இரண்டு அறைக்கும் ஒரே சீமெந்து நிலம். அதிர்வு அடுத்த அறைக்கு ஊர்ந்து போய்விடும் என்று பயந்து, ஒப்பீட்டுக் குழுவுக்கு ரீச்சர் தடித்த றப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். வகுப்புக்குள்ளும் கழற்றக்கூடாது. அறுந்தால் மாற்றிக் கொடுக்க அலுமாரியில் வேறு சோடிகளும் வைத்திருந்தார்.

தாய்மாருக்கு இது வேறு மாதிரி விளங்கியது. "என்ரை பிள்ளைக்கு ரீச்சர் செருப்புக் குடுத்தவ" என்று லூர்த்தம்மா தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருடைய மகள் மக்டலீன் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தாள். மேளக் குழுத் தாய்மாரோ, "எங்கடை பிள்ளையள் மட்டும் என்ன பாவம் செய்ததுகள்?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

மேளம் இல்லாத பிள்ளைகளை நினைத்தால் மனம் கேட்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கேல்லைத்தான். மார்கழி முடிய எல்லாருக்கும் பழக்குவன். இதை நிரூபிச்சுக் காட்டினால் மற்றப் பள்ளிக்கூடங்களும் செய்யும். இல்லாட்டில், ஆரோ ஒரு விசரி மேளம் அடிச்சவ எண்டதோடை முடிஞ்சுபோம்" என்றார்.

குண்டு போட பொம்மர் விமானம் வரும்போது செபமாலை சிவப்புத் துணியோடு ஓடிவந்து இரண்டு அறை வாசலிலும் வீசுவார். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் போய்விடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை அவர் சங்கக்கடைக்குப் போயிருந்தார். ரீச்சர் பள்ளிக்கூட வாசல் படலையடியில் நின்று, வழக்கம்போல முகம் பார்த்து, ஆறுதலாக என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் முதல் குண்டு விழுந்தது. நான் மதிலோடு ஒட்டிக்கொண்டேன். ரீச்சர் உள்ளே ஓடினார். வெட்கப்பட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

மேள அறை வெறுமையாகக் கிடந்தது. வெறுங்காலில் அதிர்வு பட்டதும், யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகள் பங்கருக்குள் போயிருந்தார்கள். அடுத்த அறையில் செருப்புப் போட்ட பிள்ளைகள் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மக்டலீன் ஒரு பூவுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். ரீச்சர் காலால் தட்டவுமில்லை, முகம் பார்க்கவுமில்லை. கையில் அகப்பட்ட பிள்ளைகளைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். அந்த இழுவையில் மக்டலீனின் செருப்பு ஒன்று அறுந்தது.

நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பங்கருக்குள் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மேளம் வேலை செய்யுது, ரீச்சர்" என்றேன். அவர் முகத்தை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, வகுப்பு தொடங்குகிற நேரம், லூர்த்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மக்டலீனின் ஒரு காலில் செருப்பு, மற்றது வெறுங்கால். "பிள்ளையைக் காப்பாத்திப்போட்டியள், மாதா உங்களைக் கைவிடமாட்டா. உது அறுந்துபோச்சு, ரீச்சர். வேறை சோடி கிடந்தால்..." என்று இழுத்தார்.

ரீச்சர் அலுமாரியைத் திறந்தார். புதுச் சோடிகள் அடுக்கியபடி இருந்தன. மார்கழிக்கு இன்னும் இரண்டு மாதந்தான். ஒரு சோடியை எடுத்து, திருப்பி வைத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"செபமாலை, மேளத்தை இஞ்சாலை உருட்டிக்கொண்டு வாங்கோ."

"இந்த அறைக்கோ?" என்று அவர் கேட்டார். "ஓம்" என்றார் ரீச்சர். லூர்த்தம்மா ஒன்றும் விளங்காமல் நின்றார். ரீச்சர் மக்டலீனுக்கு முன்னால் முழங்காலை ஊன்றி இருந்து, மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.