பாதியோடு நிறுத்திய கனவு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்லன். சாதாரண தரம் வரைதான் படித்தேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுப்பது என் தொழில். பற்றுச்சீட்டைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. கனவைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் எழுதுவதற்குப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் இது எனக்கு நடந்தது. வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கலியாணம் செய்யாதவன். அக்காவின் வளவில், அவருடைய வீட்டோடு ஒட்டிய ஓர் அறையில் இருக்கிறேன். வளவின் பின்கோடியில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு கல், கல்லில் நட்ட ஒரு சூலம். அதுதான் எங்கள் காவல் தெய்வம் வைரவர். சண்டையில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, சூலம் மட்டும் சற்றுச் சரிந்தபடி நின்றது. நான்தான் அதை நிமிர்த்தி வைத்தேன். அன்று தொடங்கிப் பின்னேரங்களில் விளக்குக் கொளுத்துவது என் வேலையாகிவிட்டது.

விளக்குக் கொளுத்துவதோடு நான் அங்கே வேறொன்றும் செய்வேன். கதைப்பேன். தேவாரம் எனக்கு முழுதாக வராது. கடையில் யார் ஏசினார்கள், எந்தப் பல் நோகிறது, பேசி வந்த சம்பந்தம் ஏன் குழம்பியது, எல்லாவற்றையும் வைரவரிடம் சத்தமாகச் சொல்லுவேன். மனிதர் முன்னால் இரண்டு சொல்லுக்கு மேல் வராத எனக்கு அங்கே பேச்சு வரும். வீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரியாது.

அக்காவுக்கு ஒரே மகள், எனக்கு மருமகள். அவளும் புருஷனும் நல்லூரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். மருமகன் ரியூசனில் கணக்குப் படிப்பிக்கிறார். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வீட்டுக்காரர், தன் மகன் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வருவதாகச் சொல்லி, கார்த்திகைக்குள் வீட்டை விடும்படி கேட்டுவிட்டார். பிள்ளை ஐப்பசியில் பிறக்க இருந்தது. ஆகவே எங்கள் வளவின் பின்பக்கத்தில், முதலில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாவது கட்டுவதென்று முடிவாயிற்று. முன்பக்கம் அக்காவின் வீடு, மேற்குப் பக்கம் மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளம். பின்கோடியை விட்டால் வேறு இடமில்லை. வேம்பைத் தறிக்க வேண்டும், வைரவரை எடுக்க வேண்டும்.

அத்தான் ஐயரிடம் கேட்டார். முறையாகச் செய்தால் எடுக்கலாம், ஈசான மூலையில் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஐயர் சொன்னார். எங்கள் வளவில் ஈசான மூலை கிணற்றடி. குசினி யன்னலுக்கு நேர் எதிரே, எல்லாரும் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற இடம். எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. நானும் ஓம் என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது கனவு கண்டேன்.

சூலத்தடியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. வைரவருடைய வாகனம் நாய் என்பதால், எங்கள் பக்கத்தில் கனவில் நாய் வந்தால் வைரவர் வந்தார் என்றுதான் எடுப்போம். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லை. பிறகு எழும்பிக் காதை உதறியது. வேலியோரமாக நடந்து கிணற்றடிக்குப் போய், இரண்டு தரம் சுற்றிவிட்டு அங்கே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். விழித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன். பகலில் காணும் கனவு பலிக்காது என்று எங்கள் சனம் நம்புவதால், விடியப்புறம் கண்டேன் என்று சொன்னேன். நாய் படுத்திருந்ததைச் சொன்னேன். என்னைப் பார்த்ததைச் சொன்னேன். அந்த இடத்தில் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு, “அப்ப அவருக்கு எழும்ப விருப்பமில்லை” என்றார்.

நான் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அத்தான், வீடு கட்டப் பேசி வைத்திருந்த மேசனுக்கு ரெலிபோன் எடுத்து வேலையை நிறுத்தச் சொன்னார். அக்கா அந்த வெள்ளிக்கிழமையே வடைமாலை சாத்தினார். கதை ஊருக்குள் பரவியது. ஆட்கள் வேப்பமரத்தைப் பார்க்க வந்தார்கள், யாரோ மரத்தில் சிவப்புத் துணி கட்டினார்கள். கடையில் சாமான் வாங்க வந்த பெண்கள் என்னிடம் தங்கள் கனவுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவருடைய கனவில் பிள்ளையார் வந்து மின்விசிறி கேட்டாராம். கோயிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கோ என்றேன். வாங்கிக் கொடுத்தார். மற்றொருவர் கனவில் அம்மன் வந்து ஒன்றும் பேசாமல் போய்விட்டாவாம், என்ன அர்த்தம் என்று கேட்டார். யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அத்தனை வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவனை அதுவரை ஒருவரும் எதற்கும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன்.

இப்படி மூன்று கிழமை போயிற்று. வேறொரு இடத்தில் தன்னை வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றும், இன்னும் ஒரு கிழமைதான் பார்ப்பேன் என்றும் மேசன் சொல்லிவிட்டார். அவரை விட்டால் மாரிக்கு முன் வேறு ஆள் பிடிக்க முடியாது. மழை தொடங்கினால் தை வரைக்கும் அத்திவாரம் வெட்ட முடியாது.

அந்தச் சனிக்கிழமை மருமகள் பஸ்ஸில் வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். வாடகைக்கு வீடு தேடிப் போன கதைகளைச் சிரிப்பாகச் சொன்னாள். பிள்ளை பிறக்கப்போகிறதென்றால் வீடு தரத் தயங்குகிறார்களாம், பிள்ளை சுவரில் கீறுமாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“மாமா, நாங்கள் இஞ்சை வாறது உங்களுக்கு விருப்பமில்லையோ?”

“சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றேன்.

“இல்லை, எனக்குக் கோவமில்லை. உங்கடை அறைக்குப் பக்கத்திலை பிள்ளை அழுதால் கரைச்சல்தானே. அப்பிடியெண்டால் சொல்லுங்கோ, நான் இவரோடை கதைச்சு வேறை ஏதும் பாக்கிறன்.”

அவள் கனவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வைரவரைத் தாண்டி நேரே என்னிடம் வந்துவிட்டாள். நான் மறுபடியும் இல்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தாயோடு பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் விளக்கைக் கொளுத்திவிட்டு வழக்கம்போலக் கதைக்கப் பார்த்தேன். முடியவில்லை. கடைக் கதையைத் தொடங்கினேன், அது எனக்கே பொய்போலக் கேட்டது. வைரவரிடம் மறைக்க என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அப்படி அங்கே நின்றது அதுதான் முதல் தடவை.

சும்மா நின்றபோது ஒவ்வொன்றாகப் புரிந்தது. பிள்ளை அழுவது எனக்குக் கரைச்சல் இல்லை. அவள் வருவது எனக்குச் சந்தோஷம். எனக்குப் பயம் கிணற்றடி. அங்கே வைரவர் போனால் அக்காவின் யன்னலுக்கு முன்னால் நான் எப்படிக் கதைப்பேன்? ஊமைபோல விளக்கைக் கொளுத்திவிட்டு வர வேண்டும். என் ஒரே பேச்சுத்துணை போய்விடும். அதற்காகத்தான் கனவை நாய் என்னைப் பார்த்த இடத்தில் நிறுத்தினேன். எழும்பி நடந்ததை விழுங்கிவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அத்தனை வருடமும் அங்கே நின்று நான் சொன்னதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. அவர் ஏசினார், இவர் ஏமாற்றினார், அவர்கள் என்னை மதிக்கவில்லை. நான் செய்த ஒன்றையும் ஒருநாளும் சொன்னதில்லை. என்னை நான் நல்லவனாகவே வைரவருக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கறுப்பு நாய் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததை நினைத்தேன். மரத்தடியில் வெட்கமாக இருந்தது.

அந்த நாய் உண்மையில் வைரவர் அனுப்பியதா, அல்லது ஐயர் சொன்னது என் மனதில் கிடந்து அப்படி வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. படித்தவர்களிடம் கேட்டால் ஏதாவது சொல்லுவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கனவு எங்கிருந்து வந்திருந்தாலும், அதை வெட்டியவன் நான். வெட்டிய துண்டில்தான் கனவு எனக்குச் சொல்ல வந்தது இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் குசினிக்குப் போனேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தான் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தக் கனவு விடியப்புறம் கண்டதில்லை.”

“பின்னை எப்ப கண்டனி?”

“முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுக்கேக்கை.”

அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்டைக்கு ஆட்டிறைச்சி எல்லோ திண்டனி. மச்சம் திண்டிட்டுக் கண்ட கனவுக்கோ நான் வடைமாலை சாத்தினனான்?”

மிச்சத்தையும் சொன்னேன். நாய் எழும்பியதையும் கிணற்றடியில் போய்ப் படுத்ததையும் சொன்னேன். அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். அவர் என்னோடு அதிகம் கதைப்பவர் அல்லர், பகிடி மட்டும் விடுவார்.

“இன்னும் மிச்சம் இருந்தால் இப்பவே சொல்லும். நாய் வீட்டுப் பிளானும் கீறித் தந்ததோ?”

அவர் சொன்னது நியாயம். இனி என் சொல்லை யார் நம்புவது? மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இரக்கத்தில் புதிதாகக் கட்டிச் சொல்லுகிறேன் என்று அவர்கள் நினைக்கலாம். அப்படி நினைக்காமல் இருக்க வேண்டுமானால் ஏன் மறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நான் வைரவரோடு கதைக்கிறதை, கிணற்றடியில் கதைக்க முடியாது என்று பயந்ததை, ஊரிலே ஆட்கள் என்னைத் தேடி வந்தது பிடித்திருந்ததை. எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது. என் வாழ்க்கையில் மனிதர் முன்னால் அவ்வளவு தொடர்ந்து பேசியது அன்றுதான்.

அத்தான் பகிடி ஒன்றும் விடவில்லை. எழும்பிப் போய் மேசனுடைய நம்பரைத் தேடினார்.

அக்கா மீன் சட்டியைக் கழுவினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: “ஆறு மணிக்கு நான் குசினி யன்னலைச் சாத்திவிடுறன். நீ கதை.”

குளித்துவிட்டு வந்த மருமகளிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முடிவில், “என்னட்டை நேத்தே சொல்லியிருக்கலாம் மாமா” என்றாள். அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும். வீணாய்ப்போன மூன்று கிழமையும் அவளுடையது.

திங்கட்கிழமை காலை ஐயர் வந்து, வைரவரை எடுக்கப் புதன்கிழமைக்கு நாள் வைத்தார். மேசன் பத்து மணிக்கு வந்து பின்கோடியை அளந்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். அன்று சீனி வந்திருந்தது, பின்னேரம் வரைக்கும் வரிசை இருந்தது.