விரல் வெளியே

"...வெளியதான் இருந்துச்சு அண்ணா, விரல் வெளியதான் இருந்துச்சு" என்று பக்கத்துத் தெரு அங்கிளிடம் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ மடியில் சுண்டல் டப்பாவுடன் எங்கள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "பரவால்லம்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்பதையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது. அமெரிக்காவில், டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கோயிலுக்குப் போயிருந்த நேரம், யாரோ கார் நிறுத்தும் கராஜ் வழியாகப் புகுந்து நகையை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது அந்த ஊர்த் திருடர்களுக்கும் தெரிந்துபோயிருந்தது. அப்பாவுக்கு வாராவாரம் வெளியூர் வேலை. ஆகவே அம்மாவுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதென்று முடிவாயிற்று.

கடையில் அப்பா பெரியதாக ஒன்றைக் காட்டினார். "சின்னதா இருந்தா எவன் பயப்படுவான்?"

"அவன் பாத்து ரசிக்கவா வாங்குறோம்? எனக்குத் தூக்க முடியணும்ல" என்றாள் அம்மா. கைக்கு அடங்குவதே நல்லதென்று கடைக்காரப் பெண்மணியும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார்.

சுடுவதென்று முடிவு செய்யும்வரை ஆள்காட்டி விரல் டிரிகர் விசைக்கு வெளியே, நீட்டியபடியே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அம்மா அதை விடாப்பிடியாகப் பழகினாள். டிவி ரிமோட்டை எடுத்தாலும் விரல் நீளும். தோசைத் திருப்பியைப் பிடித்தாலும் நீளும். நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் இந்தியா போகும்போது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவென்று, எங்கள் கராஜ் கதவைத் திறக்கும் நம்பரைப் பாதி டெக்ஸாஸுக்குக் கொடுத்து வைத்திருந்தோம். தெரிந்தவர்கள் எல்லாம் கராஜ் வழியாகவே வருவார்கள்; வாசல் மணி அடிப்பதெல்லாம் வேற்றாள்தான். அன்று பாட்டு வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட, அங்கிள் என்னைக் கூட்டிவந்து, வழக்கம்போல் நம்பரை அழுத்தி உள்ளே நுழைந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நான். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவை அவர் திறந்தால், எதிரே அம்மா, இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடி.

"ஐயோ, நாந்தாம்மா! குழந்தையும் இருக்கு!"

அம்மா அவருக்குத்தான் சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் குடித்து, கொஞ்சம் சிரிக்கவும் முயன்றுவிட்டு அவர் கிளம்பினார். துப்பாக்கி அதற்குள் பெட்டியில் பூட்டியிருந்தது. அம்மா என் முன்னால் மண்டியிட்டாள். தோள், நெஞ்சு, வயிறு என்று உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று புரியாமல், கூச்சம் தாங்காமல், நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.