அப்பா படித்துக் காட்டிய பக்கம்

எனக்குத் தமிழ் பேச வரும், தமிழில் சண்டை போட இன்னும் நன்றாக வரும், படிக்க மட்டும் வராது. கன்னட மீடியத்தில் படித்த என்னைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகள் லிங்கராஜபுரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அம்மாவும் அதே ரகம்தான். எங்கள் வீட்டில் அப்பா ஒருவருக்குத்தான் தமிழ் எழுத்து தெரியும். அவர் ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர், இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால், மூன்று வருடத்துக்கு முன்பு என் நோட்டுக்குள் வந்து சேர்ந்த ஒரு பக்கம்தான் காரணம்.

அப்போது பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷன் வேலை, மாலையில் பி.காம் முதல் வருடம். அந்த ஈவினிங் காலேஜ் சீட்டுக்காக நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். தடையாக நின்றது பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அவர் பேச்சை அப்பா ஒரு நாளும் மீறியதில்லை. "என் பொண்டாட்டியோட தம்பி பையன் ஹோசூர்ல தயாரா நிக்கறான், இவ என்னமோ சாயங்காலம் பையத் தூக்கிட்டுக் கெளம்பறா" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் புலம்புவார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். "பையன் கியன்னு ஒரே ஒரு பேச்சு என் காதுல விழட்டும். அன்னிக்கே காலேஜை நிப்பாட்டிடணும்." அப்பா தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனாலும் நானும் தலையாட்டினேன். படிக்க வேண்டுமே!

பெரியப்பாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. "இவனுக்குப் பொண்ணு பாத்தது யாரு? நான். போனேன், பாத்தேன், முடிச்சேன். இருபத்தஞ்சு வருஷம் ஓடிடுச்சா இல்லையா?" என்று அப்பா அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வார். அவர்கள் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காலேஜில் ஆங்கிலத்துக்கு ஒரு பழைய சோக நாடகம் பாடம். இரண்டு பகைக் குடும்பம், ஒரு பையன், ஒரு பெண், போய்ச் சேராத ஒரு கடிதம், கடைசியில் இரண்டு பிணம். எனக்கு அந்த நாடகத்தின் மேல் பயங்கர எரிச்சல். வகுப்பிலேயே எழுந்து, "மேடம், ஒரு நாள் பொறுத்திருந்தா ரெண்டு பேரும் பொழைச்சிருப்பாங்களே! என்ன அவசரம் இவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மேடம் சிரித்தார். "பொறுத்திருந்தா அது டிராஜெடி ஆகாதும்மா, சீரியல் ஆயிடும்" என்றார்.

உவமை, உருவகம், மிகைப்படுத்திச் சொல்வது எல்லாம் எனக்குப் பிடிபட்டன. டிரமாடிக் ஐரனி மட்டும் மண்டையில் ஏறவில்லை. "மேடையில் நிக்கறவங்களுக்கு விஷயம் தெரியாது, கீழே உக்காந்திருக்கற நமக்குத் தெரியும், அதுதான். கொத்தாய்த்தா?" என்று மேடம் கன்னடத்தில் முடிப்பார். புரிந்ததா என்று அர்த்தம். கொத்தாகாமலே தலையாட்டி வைப்பேன்.

இன்டர்னல் மார்க்குக்கு ஒரு வேலை கொடுத்தார். காதலிக்கிறவர்கள் அவரவர் தாய்மொழியில் பேசுவது போல ஐந்து வரி, ஒவ்வொன்றிலும் ஓர் அணி, பக்கத்தில் ஆங்கில விளக்கம். எந்த எழுத்தில் எழுதினாலும் சரி, மொழி மட்டும் வீட்டு மொழியாக இருக்கவேண்டும் என்றார். எனக்குத் தமிழில் சண்டைதான் வரும், காதல் வசனம் எங்கே வரும்? நான் பின் பெஞ்சில் இருந்தவனிடம் திரும்பி, "எனக்குத் தமிழ் எழுத வராது, நீ அஞ்சு வரி எழுதிக் குடேன்" என்றேன்.

அவன் போளூர்ப் பக்கத்துப் பையன். ஈஜிபுராவில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்துகொண்டு பகலில் கூரியர் குடோனில் பார்சல் பிரிக்கும் வேலை செய்தான். அதிகம் பேசமாட்டான். நான் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டால் அவன் மட்டும் தலை குனிந்து சிரிப்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ஹோசூர் மாப்பிள்ளையை நினைத்தால் அந்தப் பிடித்தம் ஓடி ஒளிந்துகொள்ளும். சனிக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்பும்போது அவன் நாலாக மடித்த தாளை என் நோட்டுக்குள் வைத்து, "வீட்டுக்குப் போய்ப் படி" என்றான். வீட்டில் அப்பா இருக்கிறாரே, படித்துச் சொல்லிவிடுவார் என்று நான் பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா மட்டன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நோட்டும் பேனாவுமாக அப்பா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ப்பா, இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் கன்னட எழுத்துல எழுதிக்கறேன். அசைன்மென்ட்டு."

"என்னாது அது?" என்றார் பெரியப்பா.

"லவ் பண்றவங்க பேசற மாதிரி அஞ்சு வரி, பெரியப்பா. நாடகப் பாடத்துக்கு. கிளாஸ்ல ஒருத்தங்க எழுதிக் குடுத்தாங்க."

"காலேஜ்ல இதெல்லாமா சொல்லித் தர்றானுங்க? கருமம்" என்றார் பெரியப்பா. ஆனால் கேட்கத் தயாராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்பா கண்ணாடியை மாட்டித் தாளை விரித்தார். முதல் வரியில் வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "கையெழுத்து கொஞ்சம் கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"உன் சிரிப்புதான் எனக்குக் காலையில மொத டீ. அது இல்லாம வேலைக்குப் போனா தலை வலிக்குது."

நான் மடமடவென்று எழுதினேன். உருவகம்! அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நீ கொழாயடிக்கு வராத அன்னிக்கு எங்க தெருவுக்கே தண்ணி வரல."

"மிகைப்படுத்தறது! சூப்பர்ப்பா, அடுத்தது."

"நீ ஊருக்குப் போயிருந்தப்போ உங்க வீட்டு ஜன்னல் என்னையப் பாத்து மொறைச்சுது." ஜன்னல் முறைத்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு, எழுதிக்கொண்டேன். "ஒரு வார்த்தை பேசாமலே என்கூட எவ்ளோ சண்டை போட்டிருக்கே." முரண், அதுவும் ஆச்சு. ஐந்தாவதற்கு அப்பா வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அவர் கண் தாளில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. "ரயில் கேட்டு மூடியிருக்கறப்போ ரெண்டு பக்கமும் நிக்கற சைக்கிள் மாதிரி நாம நிக்கறோம்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"பரவாயில்லையே! எழுதின ஆளுகிட்ட விஷயம் இருக்குடா. குடு, நானும் ஒரு தடவை பாக்கறேன்" என்று பெரியப்பா கையை நீட்டினார். பெரியப்பாவும் அதே தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அப்பா தாளை விடவில்லை. பெரியப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்திருந்ததைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றும்போது இந்த மனுஷனுக்கு ஏன் வியர்க்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்போது அம்மா கையில் கிண்ணத்தோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "மாமா, கறி பதமா வெந்துச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. இவருக்கு என்ன ருசி தெரியும்?" பெரியப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நீட்டிய கையால் கிண்ணத்தை வாங்கி ஊதி ஊதிச் சாப்பிட்டார். "இன்னும் ஒரு கொதி விடணும்மா" என்றார். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் ஐந்து வரி கிடைத்த சந்தோஷத்தில் அன்றே ஆங்கில விளக்கத்தையும் எழுதி முடித்தேன்.

திங்கட்கிழமை காலை வேன் எடுப்பதற்கு முன்னால் அப்பா என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தார். அப்படி வருகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. பாதி வழியில் தாளை எடுத்து நீட்டினார்.

"இது அசைன்மென்ட் இல்ல பாப்பா. உனக்கு வந்த லெட்டர்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், காலேஜ் போச்சு, ஹோசூர்தான் என்று மனது அடித்துக்கொண்டது. "ப்பா, சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா! நான் எதுவும்…" என்று நடுரோட்டில் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அட, அழாதே. தெரிஞ்சிருந்தா என்கிட்டயே கொண்டாந்து படிக்கச் சொல்லியிருப்பியா? அந்தப் பையன் மரியாதையாத்தான் எழுதியிருக்கான். உனக்கு வந்ததை நான் படிச்சதுதான் தப்பு. மொத ரெண்டு வரியிலயே தெரிஞ்சுபோச்சு, இருந்தாலும் கண்ணு ஓடிடுச்சு."

"அப்போ நேத்து நீங்க படிச்சது?"

"வாய்க்கு வந்தது" என்று சொல்லி ரோட்டைப் பார்த்தார். "நல்லாப் படி. அவனும் படிக்கட்டும். முடிச்சப்புறமும் ரெண்டு பேருக்கும் இதே நெனப்பு இருந்தா அப்போ பாத்துக்கலாம். உங்க பெரியப்பாகிட்ட எதை எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

"காலேஜ்?"

"காலேஜுக்கு என்ன? போ, பஸ் வருது." ஏறப்போனவளைக் கூப்பிட்டு, "அந்த லெட்டரை அந்தப் பையனையே படிச்சுக் காட்டச் சொல்லு" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. லேப் வருகிறவரை அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு கன்னட அம்மா "யாக்கம்மா, ஏனாய்த்து?" என்று கேட்டே விட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடி என்றேன்.

சாயங்காலம் காலேஜ் மாடிப்படியில் வைத்துத் தாளை அவனிடம் நீட்டினேன். "எனக்குத் தமிழ் படிக்க வராது."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "எழுத வராதுன்னுதானே சொன்னே!"

"படிக்கவும் வராது. எங்கப்பா படிச்சாரு."

பாவம், படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நடந்ததையெல்லாம் சொல்லித் தேற்றுவதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் படித்துக் காட்டினான். அவன் கடிதத்தில் ஓர் உவமை கூட இல்லை. நீ கேள்வி கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உனக்குப் பிடிக்கவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், அவ்வளவுதான். தாளைத் திருப்பி வாங்கி என் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். "மூணு வருஷம்தானே" என்றான். நாடகத்தில் வருகிற அந்த இரண்டு அவசரக் குடுக்கைகளும் இதைக் கேட்டிருக்கவேண்டும்!

பத்து நாள் கழித்து அசைன்மென்ட் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. இந்த வரிகளை யார் எழுதியது, நிஜமாகவே காதலித்தவர் போல இருக்கிறதே என்று மேடம் கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் குழாயடி ஏது? ரயில் கேட் ஏது?

வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அசைன்மென்ட் தாளை எடுத்துச் சத்தமாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வரியைப் படித்து முடித்ததும் அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவ்ளோதானா? பாதியை முழுங்கிட்டாரே உங்கப்பா."

"என்ன பாதி?"

"'கேட்டு தொறந்ததும் நீ அங்கியே நில்லு, நான்தான் அந்தப் பக்கம் வருவேன்.' இதுவும் இருந்துச்சு அந்த லெட்டர்ல."

"எந்த லெட்டர்ல?"

"உங்க பெரியப்பா வந்து என்னைப் பொண்ணு பாத்தாரே, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எனக்கு வந்த லெட்டர்ல." அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். "எனக்கும்தான் தமிழ் படிக்க வராதே. கொழாயடிக்கு வந்து உங்கப்பாவேதான் படிச்சுக் காட்டினாரு."

அப்பாவின் பேப்பர் இப்போது முகத்தை முழுசாக மூடிவிட்டது. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.