குடிக்கிறது நாந்தாங்க

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த அம்மாக்கண்ணுவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வேகமான கை. புருஷன் அழகன் கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தான். சாராய வாடையே அவனுக்கு ஆகாது. அந்த வீட்டில் குடித்தவள் அம்மாக்கண்ணுதான்.

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது, உடம்பு குளிர்ந்துவிடக் கூடாதென்று மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்த சாராயத்தில் அது தொடங்கியது. பிறகு மழையில் நனைந்த நாட்களுக்கு ஒரு மடக்கு. பிறகு வெயிலடித்த நாட்களுக்கும். 1961-இல் ஒருநாள், வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கே குடித்துவிட்டு வந்து, சரிவில் கால் இடறிக் கூடையோடு உருண்டாள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டு லயத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முழங்கால் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. நிரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு மட்டும் ஆறவில்லை.

மஸ்கெலியாக் கடைவீதியில் அலியார் நானாவின் தேநீர்க்கடைச் சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நானாதான் வாசித்தார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிறார்களாம். ஞாயிறு பத்து மணி, அட்டனில் ஒரு அரிசிக்கடை மாடி.

"யாருக்குக் கேக்குறீங்க? அழகன் குடிக்க மாட்டானே."

"எனக்குத்தான் நானா."

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "முதல் பஸ்ல போங்க. அடுத்தத நம்பாதீங்க" என்றார்.

முதல் பஸ்ஸே நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கூட்டம் நடத்தும் சங்கத்தின் செயலாளர் இராமையா மாஸ்டர் படியிலேயே நின்று, அவள் வாய் திறக்குமுன், "புருஷனக் கூட்டிக்கிட்டு வாம்மா. அழுது பிரயோசனமில்ல" என்றார். அவள் அழவே இல்லை.

துணைக்கு ஆள் வந்தால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்து, அடுத்த ஞாயிறு அழகனை இழுத்துக்கொண்டு போனாள். அதுதான் பெரிய தப்பாகிப்போனது. அழகனுக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. அவளைப் பின்னால், குடிகாரர்களின் மனைவிமாரோடு உட்காரவைத்தார்கள். மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, "வந்ததே பாதி வெற்றி" என்று ஒரு தாளை நீட்டினார். இனிக் குடிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. பெரிய மனிதர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அழகன், பேசாமல் கைநாட்டு வைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏங்க, நான் குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலயா ஒங்களுக்கு?" என்று பஸ்ஸில் வெடித்தாள்.

"அப்புறம் யாருன்னு கேப்பாங்கல்ல?" என்றான் அவன்.

அடுத்தமுறை தனியாகப் போனாள். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று மாஸ்டர் கேட்டதும் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"எம் புருஷன் குடிக்கிறதில்லங்க. குடிக்கிறது நாந்தாங்க. விடணும்னு வந்திருக்கேன்."

ஒருவர் சிரித்தார். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதையெல்லாமா சபையில சொல்லுவாங்க? நம்ம சனத்துக்கே கேவலம்."

"ஆம்பள சொன்னா கைதட்டுறீங்க. நான் எங்க போய்ச் சொல்லுறது?"

"கமிட்டியில பேசிச் சொல்லுறோம். இப்ப வெளிய போம்மா."

போனாள். அன்று மாலை மூக்குமுட்டக் குடித்தாள்.

ஆனாலும் மறு ஞாயிறு, கமிட்டி என்ன சொன்னதென்று கேட்கப் போனாள். இன்னும் கூடவில்லை என்றார்கள். படியிறங்கி வந்தவளை, மனைவிமார் வரிசையில் எப்போதும் ஓரமாக உட்காரும் நாகலெட்சுமி பின்தொடர்ந்து வந்தாள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துக்காரி.

"அக்கா, எம் புருஷன் வாங்கியாறதுல பாதி குடிக்கிறது நாந்தான். அன்னைக்கு நீங்க எந்திரிச்சப்ப எனக்கு ஒதறல் எடுத்துச்சு."

இருவரும் அரிசிக்கடையின் பின்பக்கத் தண்ணீர்க்குழாய் ஓரம் உட்கார்ந்தார்கள். மேலே யாரோ பேசிக்கொண்டிருந்தார். கீழே இவர்கள் எப்போது சாராயத்துக்குக் கை நீளும், எங்கே ஒளித்துவைப்போம், பிள்ளைகள் எப்படிப் பார்க்கும் என்று பேசினார்கள். அம்மாக்கண்ணு அதற்குமுன் யாரிடமும் சொல்லாதவை அவை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். மழை வந்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். எப்போதாவது கடைக்காரர் வந்து துரத்துவார்.

கமிட்டியின் பதில் வரப் பதினான்கு மாதமானது. பெண்களுக்குத் தனிக் கூட்டம் வைக்க விதியில் இடமில்லையாம். அதற்குள் அவள் இரண்டுமுறை விட்டு, இரண்டுமுறை மறுபடி தொட்டிருந்தாள்.

அம்மாக்கண்ணு மூன்றாம்முறை விட்டு எட்டு மாதமானபோது நாகலெட்சுமி மூன்று ஞாயிறு தொடர்ந்து வரவில்லை. அம்மாக்கண்ணு தேடிப்போனாள். பட்டப்பகலில் நாகலெட்சுமி குடித்துவிட்டு லயத்து வாசலில் சேலை விலகக் கிடந்தாள்.

"எத்தன மாசம்டி! ஒக்காந்து ஒக்காந்து பேசினதெல்லாம் இதுக்குத்தானா?" என்று அம்மாக்கண்ணு கத்தினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கோபத்தில் கொஞ்ச தூரம் நடந்துபோய்விட்டாள். பிறகு திரும்பிவந்து, அவளை உள்ளே இழுத்துப் படுக்கவைத்து, முகத்தைக் கழுவி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு நாகலெட்சுமி வந்தாள். ஒரு மணிநேரம் பிந்தி, வாடையோடு. அம்மாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

1964-க்குப் பிறகு அம்மாக்கண்ணு சாராயத்தைத் தொடவில்லை. நாகலெட்சுமி விடுவதும் தொடுவதுமாகவே இருந்தாள். மாடிக் கூட்டத்தில் பெண்களைக் கடைசிவரை பேசவிடவில்லை.